பனிக்குப் போகாத பனியன்

உடுமலைப்பேட்டையில் பஸ் ஏறித் திருப்பூர் போனால் வழியில் நூற்பாலைகள், ஊருக்குள் நுழைந்தால் பனியன் கம்பெனிகள். அங்கே தைக்கிற பருத்திப் பனியன் எத்தனையோ நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. ஆனால் அண்டார்டிகாவைப் பார்க்கக் கப்பலில் போகிறவர்களிடம் வழிகாட்டிகள் கண்டிப்பாகச் சொல்லிவிடுவார்கள்: உடம்பை ஒட்டிப் போடுகிற உடுப்பு பருத்தியாக இருக்கக் கூடாது!

பருத்தி அப்படி என்ன தப்பு செய்தது? சித்திரை வெயிலில் நமக்குச் சுகம் தருகிற குணம்தான் அங்கே வம்பு. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. அந்தக் குளிரில் வேர்க்குமா என்று கேட்பீர்கள். தடித்த உடுப்போடு பனிமேட்டில் ஏறிப் பாருங்கள், முதுகு நனைந்துவிடும். மேலே போய்ப் படம் எடுக்க நின்றதும் தொடங்கும் நடுக்கம். காய்ந்த துணியின் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும். நனைந்தால் அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். போதாக்குறைக்கு, ஈரம் ஆவியாகும்போதும் உடம்புச் சூட்டைத்தான் எடுத்துக்கொண்டு போகும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு டம்ளரில் ஒரே அளவு வெந்நீர் ஊற்றுங்கள் (ஊற்றும்போது பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்). ஒன்றில் காய்ந்த பனியன் துணியையும் இன்னொன்றில் ஈரத்துணியையும் சுற்றி மொட்டை மாடியில் வையுங்கள். கால் மணி நேரம் கழித்து எது அதிகம் ஆறியிருக்கிறது என்று பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் ஊருக்கு வருகிற ஆடிக் காற்றில் செய்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். காற்றாலையைச் சுற்றுகிற அந்தக் காற்று டம்ளரை மட்டும் சும்மா விடுமா?

அதனால்தான் துருவப் பயணிகள் மூன்று அடுக்காக உடுத்துகிறார்கள். உள்ளே ஈரத்தைப் பிடித்து வைக்காத பாலியஸ்டர், அல்லது நனைந்தாலும் ஓரளவு கதகதப்பு காக்கிற மெல்லிய கம்பளி. நடுவில் காற்றை அடைத்து வைக்கிற தடித்த ஃப்ளீஸ். வெளியே காற்றும் தண்ணீரும் நுழையாத மேலங்கி. இவற்றில் எதுவும் சூட்டை உண்டாக்குவதில்லை. உடம்பின் சூட்டை வெளியே விடாமல் காப்பதோடு சரி.

நாம் மூன்று அடுக்கில் செய்வதைப் பென்குயின் ஒரே உடுப்பில் முடித்துவிடுகிறது. மேலே எண்ணெய் பூசிய வெளியிறகு. அதன் அடியில் காற்றைப் பிடித்து வைக்கும் மெல்லிய தூவி. தோலுக்குக் கீழே கொழுப்பு. வருடத்துக்கு ஒருமுறை இறகு முழுவதும் உதிர்ந்து புதிது முளைக்கும். அது முடிகிற வரை தண்ணீரில் இறங்க முடியாது என்பதால் சில வாரங்கள் பட்டினிதான்!

குஞ்சுகளுக்கு அந்த எண்ணெய் பூசிய வெளியிறகு கிடையாது. அவற்றின் தூவி பனியைத் தாங்கும், மழையைத் தாங்காது. கிழக்கு அண்டார்டிகாவில் பிரான்சு நாட்டு ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்தில் அடேலி பென்குயின்கள் கூட்டமாக முட்டையிடும். 2013-14 கோடையில் அங்கே வழக்கமில்லாமல் மழை பெய்தது. நனைந்த குஞ்சுகள் குளிரில் விறைத்தன. அந்த வருடம் கடல் பனியும் அதிகமாகப் பரவியிருந்ததால் தாயும் தகப்பனும் இரை தேடி வெகுதூரம் போக வேண்டியிருந்தது. சுமார் 20,000 ஜோடிகள் இருந்த இடத்தில் ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை.

பென்குயின்களுக்கு நம்மாலும் தொல்லை வரக் கூடாது என்று, அண்டார்டிகாவில் கரையிறங்கும் பயணிகள் அவற்றிடமிருந்து 5 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் ஓரிடத்தில் இறங்கக் கூடாது. இவற்றைவிட எனக்குப் பிடித்தது இறங்குவதற்கு முன் நடக்கும் சோதனைதான். பாக்கெட், காலுறை, பூட்ஸ் இடுக்கு என்று எல்லாவற்றிலும் விதை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, வேக்குவம் வைத்து உறிஞ்சுவார்கள். திருமூர்த்தி மலைப்பக்கம் போய்வந்த பேண்டில் ஒட்டுப்புல்லைப் பிய்த்து எடுத்தவர்களுக்கு இதன் அருமை புரியும். 2007-08 கோடையில் அண்டார்டிகா போனவர்களின் உடுப்புகளை ஆராய்ந்தார்கள். விதை இருந்தவர்களிடம் சராசரியாக ஆளுக்கு ஒன்பதுக்கும் மேல்! அதிலும் சுற்றுலாப் பயணிகளைவிட விஞ்ஞானிகளிடம்தான் அதிகமாம். (அவர்களைத் திட்ட வேண்டாம். அதே கோட்டையும் பூட்ஸையும் பல இடங்களுக்குப் போட்டுக்கொண்டு போவது அவர்கள் வேலை.)

ஒரு சில விதைக்கு இவ்வளவு பயமா? ஆனைமலைக் காட்டில் பார்க்கிற உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். பூவுக்காக வளர்க்கக் கொண்டுவந்தது இன்று காடெல்லாம் புதராகிக் கிடக்கிறது. அண்டார்டிகாவுக்குச் சொந்தமான பூக்கும் தாவரங்களோ மொத்தமே இரண்டு: ஒரு புல், பாசி போலத் தெரிகிற ஒரு சின்னச் செடி. அங்கே 1985இல் போலந்து நாட்டு ஆய்வு நிலையத்தின் பக்கத்தில் வேறொரு புல் முளைத்திருந்தது. பல நாட்டுப் புல்வெளிகளிலும் சாதாரணமாகக் கிடைக்கிற புல்தான். அதை ஆராய்ச்சியாளர்கள் கையாலேயே பிடுங்கி எடுக்கிறார்கள். மண்ணுக்குள் கிடக்கும் விதைகளோ மறுபடி முளைக்கின்றன.