"லைசென்சு வேண்டாம் சார்!" – கடைக்காரர் பேச்சை நம்பி ஏர் கன் வாங்கலாமா?

தண்டவாளமே இல்லாத தீவில் ரெயில் டிக்கெட் எழுதும் குமாஸ்தா நான். போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. என் கவுண்ட்டரும் கூட்டமும் மாறவில்லை. டிக்கெட்டுக்கு வருகிறவர்கள் வீட்டு விவகாரத்தையும் கொண்டு வருவார்கள்.

போன மாதம் ரங்கத் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். ராமநாதபுரத்துக்காரர். குத்தகை நிலத்தில் காய்கறி போட்டிருக்கிறார். "ஊருக்குப் போறேன் அண்ணே. திரும்பும்போது ஏர் கன் வாங்கிட்டு வர்றேன். மெட்ராஸ் கடையிலே பேசி 1,500 ரூபாய் அட்வான்சும் அனுப்பிட்டேன். லைசென்சே வேண்டாமாம்" என்றார்.

மான் தொல்லை

அவர் கஷ்டம் நியாயமானதுதான். புள்ளிமான் இந்தத் தீவுகளின் பிராணி அல்ல. வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது. அடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ இங்கே இல்லாததால் பெருகிவிட்டது. ராஸ் தீவில் சுற்றுலாக்காரர்கள் கொஞ்சும் அதே மான்தான் இரவில் தோட்டத்துக்குள் புகுந்து வெண்டைக் கன்றை மொட்டையடிக்கிறது.

"எந்தத் துப்பாக்கி?" என்று கேட்டேன். "பாயிண்ட் 22. பாயிண்ட் 177 சின்னது, மானுக்கு உறைக்காது, பெரிசா எடுங்கன்னு கடைச் சிப்பந்தி சொன்னார்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. தெரிந்த வக்கீலிடம் அழைத்துப் போனேன்.

மாறிப்போன விதி

கடைக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. 1962-ம் வருட ஆயுத விதிகளில், குண்டு பலகையைத் துளைக்கிறதா என்று சுட்டுப் பார்க்கும் சோதனை இருந்தது. அதில் துளைக்காத ஏர் கன்னுக்கு லைசென்சு தேவைப்படவில்லை. அந்தக் காலத்துப் பாடத்தையே அவர் ஒப்பித்திருக்கிறார் போலும்.

2016-ல் புதிய விதிகள் வந்துவிட்டன. குழாயின் உள் அளவு பாயிண்ட் 177, அதாவது 4.5 மில்லி மீட்டருக்கு மேல் போனால் லைசென்சு வேண்டும். குண்டின் வேகச் சக்தி 20 ஜூலைத் தாண்டினாலும் வேண்டும். பாயிண்ட் 22 என்பது 5.5 மில்லி மீட்டர். தம்பி பேசி முடித்ததே லைசென்சு சரக்கு!

சிறிய அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியில் "விநாடிக்கு 1,000 அடி" என்று பெருமையாக அச்சடித்திருப்பார்கள். அரை கிராம் குண்டு அந்த வேகத்தில் போனால் சுமார் 23 ஜூல் ஆகிறது. ஆகவே கடையில் உள் அளவையும் ஜூலையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் அடித்துச் சொல்கிறவர் பேனாவை எடுக்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019-ம் வருடத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. "கடைக்காரர் சொன்னார்" என்றால் கோர்ட்டில் எடுபடாது.

சும்மா மிரட்டினால்?

"காலிலே ஒண்ணு வெச்சா ஓடிப்போயிடும்" என்பதும் அந்தச் சிப்பந்தியின் யோசனைதான். இதுதான் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கொல்வது மட்டும் வேட்டை அல்ல. அதற்கு முயன்றாலும் வேட்டைதான். லைசென்சு தேவைப்படாத ஏர் கன்னால் மானைச் சுட்டாலும், கிளியைச் சுட்டாலும் குற்றம். துப்பாக்கியும் பறிமுதலாகும்.

பயிர்க் காவலுக்கென்று, வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு கேட்க ஆயுதச் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்போதும் மானைச் சுட வனத்துறைத் தலைமைக் காப்பாளர் அனுமதி தனியாக வேண்டும்.

துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவது, ஸ்பிரிங் மாற்றுவது, எந்தக் குண்டு பொருந்தும் என்பதெல்லாம் கடைக்காரர்களுக்கு அத்துப்படி. அவர்களிடம்தான் கேட்க வேண்டும். சட்டம் அவர்கள் சரக்கு அல்ல. விலை கூடிய பாயிண்ட் 22-ஐத் தள்ளிவிடுவதில் அவருக்கு லாபம். துறைமுகச் சோதனையில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியவர் நம்மவர்.

தம்பி என் எதிரிலேயே கடைக்குப் போன் போட்டார். அட்வான்சு திரும்பாது, வேண்டுமானால் பாயிண்ட் 177 எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். "ஜூலை எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார். லைன் கட்டாகிவிட்டது.

1,500 ரூபாய் போனது போனதுதான். ஊரிலிருந்து திரும்பியவர் தோட்டத்தைச் சுற்றி ஏழடி உயரத்துக்கு மூங்கில் வேலி அடைத்துக்கொண்டிருக்கிறார். தெற்குப் பக்கம் மட்டும் இன்னும் பாக்கி.