‘வேணும்னே பண்ணினாரா?’ - ரூம்மேட்ஸைப் பிரிக்கும் ஃபுட்பால் பஞ்சாயத்து!

ஓசூர் சிப்காட் பக்கம் நாலு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் ரூமில் ஒருத்தர் பெங்களூரு எஃப்.சி ரசிகர், இன்னொருத்தர் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்னா, நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த களைப்பிலும் ஒரு சண்டைக்கு கேரன்டி உண்டு. “சேத்ரி அன்னைக்கு வேணும்னேதானே ஏமாத்தினார்?” - அவ்வளவுதான், தூக்கம் போச்சு!

அப்படி என்ன நடந்தது?

2023 மார்ச் 3. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி சுமார் 40 கி.மீ தூரத்தில் இருக்கும் பெங்களூரு கன்டீரவா ஸ்டேடியம். ஐ.எஸ்.எல் நாக் அவுட் மேட்ச். 90 நிமிடங்களில் கோல் இல்லை. எக்ஸ்ட்ரா டைமில் பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக். கேரளா கோல்கீப்பர் தடுப்புச்சுவரை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும்போதே, சுனில் சேத்ரி டக்கென்று பந்தை வலைக்குள் அனுப்பிவிட்டார். ரெஃப்ரி கிறிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். கொதித்துப்போன கேரளா கோச் இவான் வுகோமனோவிச், டீமையே மைதானத்தை விட்டு வெளியே அழைத்துப் போனார்.

ரிசல்ட்? பெங்களூரு அரையிறுதிக்குப் போனது. கேரளாவுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 போட்டிகள் தடை.

“விசில் வேண்டாம்னு ரெஃப்ரிகிட்ட சொல்லிட்டுத்தான் அடிச்சேன்” என்பது சேத்ரியின் தரப்பு. “நாங்க ரெடியாகவே இல்லையே” என்பது கேரளாவின் தரப்பு. விதி என்ன சொல்கிறது? பெரும்பாலான ஃப்ரீ கிக்குகளுக்கு விசில் தேவையில்லை. சுவர் தள்ளி நிற்கணும்னு ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தியிருந்தால் விசிலுக்காகக் காத்திருக்கணும். ஆக, ‘நிறுத்தினாரா, இல்லையா’ என்பதுதான் கேள்வியே. சேத்ரி மனசுல என்ன இருந்ததுங்கிறது விதிப்புத்தகத்துக்குத் தேவையே இல்லை!

டேக்கிளிலும் இதே கதைதான். ‘வேணும்னே செய்தாரா’ என்று ரெஃப்ரி பார்ப்பதில்லை. கவனக்குறைவா, முரட்டுத்தனமா, அளவுக்கு மீறிய பலமா என்றுதான் பார்க்கிறார். இதற்கு உலகம் மறக்காத உதாரணம், எர்லிங் ஹாலண்டின் அப்பா வாங்கிய அடி.

1997-ல் லீட்ஸுக்கு எதிரான மேட்ச். ஆல்ஃபி ஹாலண்டை மடக்கப்போன மான்செஸ்டர் யுனைடெட்டின் ராய் கீனுக்கு, அவருடைய முழங்கால் தசைநாரே கிழிந்தது. வலியில் கிடந்தவரிடம் “நடிக்காதே” என்றார் ஹாலண்ட். கீனுக்கு அந்த சீசனே போச்சு.

2001 ஏப்ரல், மான்செஸ்டர் டெர்பி. இப்போது சிட்டி டீமில் இருந்த ஹாலண்டின் வலது முழங்காலில் கீனின் பூட்ஸ் இறங்கியது. ரெட் கார்டு, 3 போட்டிகள் தடை. ‘பழிவாங்கலா, ஆட்டத்தின் சூடா’ என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு, இதற்காகக் காத்திருந்ததாக கீனின் சுயசரிதையிலேயே வந்தது. உடனே இன்னொரு 5 போட்டிகள் தடையும் 1,50,000 பவுண்ட் அபராதமும்! 2014-ல் வந்த இரண்டாவது புத்தகத்திலோ, ‘வலிக்கணும்னு நினைச்சேன், காயப்படுத்த நினைக்கலை’ என்கிற தொனியில் பேசினார்.

‘அந்த அடிதான் ஹாலண்டின் கரியரை முடித்தது’ என்று இன்றும் ரீல்ஸ் சுத்துகிறது. ஆனால், அவர் சில நாள்களிலேயே நார்வேக்காக விளையாடினார். அவரைப் படுத்தி எடுத்தது ஏற்கெனவே தொல்லை கொடுத்துக்கொண்டிருந்த இடது முழங்கால். 2003-ல் ஓய்வு பெற்றார்.

கவனிச்சீங்களா? அடித்தவரே தன் நோக்கத்தை இரண்டு விதமா சொல்றார். அப்புறம் 15 செகண்ட் கிளிப்பை ஸ்லோ மோஷன்ல பார்த்து நாம எப்படித் தீர்ப்பு சொல்றது?

அதனால அடுத்த தடவை ரூம்ல பஞ்சாயத்து ஆரம்பிச்சா, ‘அவன் என்ன நினைச்சான்?’ என்பதை விட்டுட்டு, ‘என்ன நடந்துச்சு, விதி என்ன சொல்லுது?’ன்னு கேட்டுப் பாருங்க. அதுக்கும் சண்டை வரும். ஆனா, ரூம்மேட்டைப் பார்த்து ‘உங்காளுங்களே இப்படித்தான்’னு சொல்ற அளவுக்குப் போகாது. காலையில ஷிஃப்ட் பஸ்ல பக்கத்து சீட்ல உட்காரப் போறது சேத்ரி இல்லை பாஸ், அவர்தான்!