மின்னோட்டத்தின் மூன்று தொழில்கள்

தசரா இரவில் மைசூர் அரண்மனைக்கு எதிரே திரளும் கூட்டத்தில் தமிழ்ப் பேச்சு காதில் விழாமற்போவது அரிது. ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள் ஒரே கணத்தில் ஒளிரும்போது நாமும் எல்லாரோடும் சேர்ந்து வியக்கிறோம். அந்த ஒளி எங்ஙனம் பிறக்கிறது?

இழை விளக்கினுள் இருப்பது மயிர்போன்ற டங்ஸ்டன் கம்பி. அது தன்வழிச் செல்லும் மின்னோட்டத்திற்குத் தடையாக நிற்கிறது. அதனால் வெப்பம் உண்டாகிறது. வெப்பநிலை 2,000 பாகைக்கு மேல் ஏறவே கம்பி சுடர்விடுகிறது. இஸ்திரிப் பெட்டியில் நிகழ்வதும் இதுவே. அங்கே ஒளி வேண்டியதில்லை, சூடு போதும்.

ஆனால் எங்கும் இவ்வெப்பம் விரும்பத்தக்கதன்று. 1902-ஆம் ஆண்டில், காவேரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. (நம்மவர் தலைமுறை தலைமுறையாக உழைத்த அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன.) மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் வெப்பம் நான்கு மடங்காகும். அவ்வளவு நெடுந்தொலைவில் ஆற்றல் வழியிலேயே வீணாகாதிருக்க, பொறியாளர் மின்னழுத்தத்தை மிக உயர்த்தி, ஓட்டத்தைக் குறைத்து அனுப்பினர்.

இரண்டாவது தொழில் காந்தம். மின்னோட்டம் பாயும் கம்பியருகே திசைகாட்டி முள் திரும்புவதை 1820-இல் ஏர்ஸ்டெட் கண்டார். மின்விசிறியும் அழைப்பு மணியும் அதன் வழித்தோன்றல்கள். பேராசிரியர் கோபாலசாமி 1935-இல் மைசூரில் தொடங்கிய ‘ஆகாசவாணி’யைக் கேட்டோரின் வானொலிப் பெட்டிகளிலும், ஒலிபெருக்கியை அதிரச் செய்தது இக்காந்த விசையே.

மூன்றாவது இரசாயன விளைவு. உப்புக் கரைசலில் மின்னோட்டம் பாய்ந்தால் உலோகம் ஓரிடத்திலிருந்து கரைந்து மற்றோரிடத்தில் படியும். வெள்ளி முலாம் பூசிய பாத்திரம் அதற்குச் சான்று.

இனி வீட்டுச் செய்தி ஒன்று. வாடகை வீடுகளில் ‘ப்யூஸ்’ அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவோர் உண்டு. ப்யூஸ் கம்பி மெல்லியதாயிருப்பது குறையன்று. அதுவே அதன் வேலை. ஓட்டம் மிகும்போது சுவரினுள் ஓடும் கம்பி சூடேறுமுன் அது உருகி அறுந்துவிடுகிறது. தடித்த கம்பி உருகாது. சுவர்க்கம்பியின் உறைதான் உருகும், தீயும் பற்றும். புதிய வீடுகளில் ப்யூசுக்குப் பதிலாகத் தானே விழும் சுவிட்சு இருக்கிறது. ஓட்டம் சிறிது மிகுந்து நீடித்தால் அதனுள்ளிருக்கும் உலோகப் பட்டை வெப்பத்தால் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். திடீரெனப் பெருகினால் காந்தச் சுருள் நொடியில் இழுத்து நிறுத்தும்.