கிராணியாரின் மேசை

தோட்டப்புறப் பெற்றோர்களுக்கு ஒரு காலத்தில் ஓர் ஆசை இருந்தது. தங்கள் பிள்ளை விடியற்காலையில் பால்மரத்தைத் தேடிப் போகக்கூடாது. தோட்ட அலுவலகத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து எழுத வேண்டும். வெயில் படாத வேலை, சட்டை கசங்காத வேலை என்று அவர்கள் அதைக் கருதினர். லிங்கி, லாபு, சுவா பெத்தோங், கொம்போக், ஜெராம் பாடாங் என நெகிரி செம்பிலானில் உள்ள தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கும் இந்த ஆசை இருந்தது. இன்றும் எஸ்.பி.எம். தேர்வை முடித்த மாணவர்கள் பலர் அலுவலக நிருவாகப் பணியையும் வரவேற்பாளர் பணியையும் நாடுகின்றனர். அந்தப் பணி உண்மையிலேயே மகிழ்ச்சி தருமா? இக்கேள்விக்கு விடை தேடத் தோட்ட அலுவலகம் ஏற்ற இடமாகும். நகரத்து அலுவலகத்தில் தாளில் எழுதப்படும் எண்ணுக்கு உரியவரை எழுத்தர் பார்ப்பதே இல்லை. தோட்டத்திலோ அவர் சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார்.

தோட்ட அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிபவரை நம் மக்கள் ‘கிராணி’ என்று அழைத்தனர். மரியாதையாக அழைக்கும்போது ‘கிராணியார்’ என்றனர். மலாய்மொழியில் எழுத்தரைக் ‘கெரானி’ என்பர். வங்காளிகளும் ஏறக்குறைய அவ்வாறே சொல்கின்றனர். கடல் கடந்து பல மொழிகளில் புகுந்த சொல் இது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தோட்டத்தின் தலைவர் வெள்ளைக்காரத் துரை. கணக்குப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. மரம் வெட்டியவர்களோ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த, ஆங்கிலம் அறியாத தொழிலாளர்கள். இந்த இரு தரப்பினருக்கும் இடையில் ஆங்கிலம் படித்த ஒருவர் தேவைப்பட்டார். எனவே, யாழ்ப்பாணத் தமிழர்களும் மலையாளிகளும் அந்த நாற்காலிகளில் மிகுதியாக அமர்ந்தனர். தோட்டப் பள்ளிகள் தோன்றிய தொடக்கக் காலத்தில் சில இடங்களில் கிராணியாரே மாலையில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்.

அலுவலகத்தின் கணக்குமுறை மக்களின் பேச்சிலும் கலந்துவிட்டது. பெரிய தோட்டங்களை நிருவாக வசதிக்காகப் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு வைப்பது வழக்கம். லாபு தோட்டத்தின் தமிழ்ப்பள்ளிகள் இரண்டும் ‘பிரிவு 1’, ‘பிரிவு 4’ என்றே பெயர் பெற்றுள்ளன.

தோட்ட அலுவலகத்தின் ஒரு நாள் விடிவதற்கு முன்பே தொடங்குகிறது. தொழிலாளர்களின் பெயர்களைக் கூப்பிட்டு வருகையைக் குறிக்கும் காலைக்கூட்டத்தைப் ‘பெரட்டு’ என்பர். மண்டோரும் கண்டக்டரும் அங்கே ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புவர். யார் வந்தார், யார் வரவில்லை, யார் எந்தக் காட்டுக்குப் போனார் என்னும் விவரம் பிறகு அலுவலகத்துக்கு வந்து சேரும். கிராணியார் அதைச் ‘செக்ரோல்’ என்னும் பெரிய பதிவேட்டில் ஏற்றுவார். அப்பதிவேட்டில் ஒரு தொழிலாளிக்கு ஒரு வரி. மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறிய கட்டம். முழு நாள், அரை நாள், மருத்துவ விடுப்பு, வராத நாள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு. முந்நூறு தொழிலாளர்கள் உள்ள தோட்டத்தில் ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்பதாயிரம் கட்டங்களை நிரப்ப வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைவிடச் சலிப்பான வேலை வேறு இருக்க முடியாது என்றுதான் தோன்றும்.

ஆனால், அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் நடக்கும் கணக்கு சுவையானது. இரப்பர் காலத்தில் தொழிலாளி கொண்டுவந்த பாலை நிறுத்தால் மட்டும் போதாது. அதில் நீர் எவ்வளவு, உலர்ந்த இரப்பர் எவ்வளவு என்பதைக் கண்டறிய வேண்டும். மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டு அதன் செறிவை அளப்பர். ஒருவர் 20 கிலோகிராம் பால் கொண்டுவந்தார் என வைத்துக்கொள்வோம். அதில் உலர் இரப்பரின் அளவு நூற்றுக்கு 32 என்றால், அவர் கணக்கில் ஏறுவது 6.4 கிலோகிராம். இரவில் மழை பெய்து கோப்பையில் நீர் கலந்திருந்தால் அந்த அளவு குறையும். “ஐயா, நேத்தும் இதே அளவு பால்தானே ஊத்தினேன், இன்னைக்கு ஏன் கொறைச்சுப் போட்டிருக்கீங்க?” என்று அம்மையார் ஒருவர் கேட்டால், கிராணியாருக்குக் கணக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, அதை அவருக்குப் புரியும்படி சொல்லவும் தெரிய வேண்டும்.

செம்பனைக்கு மாறிய பிறகும் இந்த நிலை மாறவில்லை. வெட்டிய குலைகளை இயன்றவரை விரைவாக ஆலைக்கு அனுப்ப வேண்டும். காலம் தாழ்ந்தால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறையும். லாரி எடைமேடையில் ஏறி, எந்தக் காட்டுக் குலைகள், எத்தனை, என்ன எடை என்னும் சீட்டோடு திரும்பும். 300 குலைகளின் எடை 5,400 கிலோகிராம் என்றால் ஒரு குலையின் சராசரி எடை 18 கிலோகிராம். வெட்டியவரின் கூலி எடைக்கு ஏற்பக் கணக்கிடப்படும்போது இந்தச் சராசரிதான் அடிப்படை. வேறொரு காட்டின் சீட்டு இதில் தவறிக் கலந்துவிட்டால், முதிர்ந்த மரங்களில் பெருங்குலைகளை வெட்டியவர் இளமரக் காட்டின் கூலியைப் பெறுவார்.

சம்பள நாள் நெருங்கும்போது அலுவலகத்தில் பேச்சு குறைந்துவிடும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். அதற்குள் கூலி, மிகைநேரம், பொது விடுமுறை ஊதியம், முன்பணம், 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதிப் பிடித்தம், சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புச் சந்தா ஆகிய அனைத்தையும் கணக்கிட்டு, ஒவ்வொருவருக்கும் சம்பளச் சீட்டுத் தயாரிக்க வேண்டும். தொழிற்சங்கம் புதிய சம்பள ஒப்பந்தம் செய்துகொண்டால் எல்லா விகிதங்களும் மாறும். 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றினார். முதலாளிகளோடு அச்சங்கம் பேசி முடித்த ஒப்பந்தத்தைத் தொழிலாளியின் கையில் காசாக மாற்றிக் கொடுக்கும் பொறுப்பு கிராணியாரின் பேனாவுக்கு இருந்தது. கிராணியாரோ அச்சங்கத்தின் உறுப்பினர் அல்லர். தோட்டப் பணியாளர்களுக்கெனத் தனிச் சங்கம் ஒன்று உண்டு.

இந்த இடைநிலைதான் இப்பணியின் பெரிய சங்கடம். கிராணியாரின் வீடு தொழிலாளர் லயத்திலிருந்து சற்று விலகி நிற்கும். துரையின் பங்களா அதைவிட எட்டத்தில், மேட்டில் நிற்கும். லயத்து மக்கள் கிராணியாரைத் துரையின் ஆளாக எண்ணினர். துரை அவரைச் சம்பளம் வாங்கும் எழுத்தராக மட்டும் பார்த்தார். திருவிழாவில் மாலை மரியாதை கிடைக்கும். ஆனால், மனம் விட்டுப் பேச ஆள் கிடைப்பது அரிது. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய கிராணிகளும் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எழுத்தறியாதவரின் நிறுவையில் கைவைப்பது எளிது. அதனால்தான் பழைய தொழிலாளர்கள் சிலர் வேலைசெய்த நாள்களைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டுவைத்து, சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தனர்.

வரவேற்புப் பணி என்று தனியே ஒன்று தோட்டத்தில் இல்லை. அலுவலகச் சன்னலே வரவேற்பறை. வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லும்படி ஒருவர் வருவார். மகனின் பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் தவறாக உள்ளது என்று மற்றொருவர் வருவார். தொழிலாளர் இலாகா அதிகாரி முன்னறிவிப்பின்றி வருவார். தொலைபேசி இடையிடையே ஒலிக்கும். மனிதர்களோடு பழகுவதை விரும்புபவருக்கு இந்தச் சன்னல் அலுக்காது. எடுத்த கணக்கை ஒரே மூச்சில் முடிக்க விரும்புபவருக்கோ இது தீராத தொல்லை. ஒரே வேலை ஒருவருக்கு இனிப்பதும் மற்றவருக்குக் கசப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு கட்டத்தில் இடும் குறி எவ்வளவு தொலைவு செல்லும் என்பது விபத்து நேரும்போது தெரியும். தோட்டத்தில் பாம்பு தீண்டலாம். வெட்டிய மட்டை தோளில் விழலாம். அவ்வாறு நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டு விண்ணப்பத்தோடு அந்நாளின் வருகைப் பதிவும் இணைக்கப்படும். காயமுற்றவர் பெயருக்கு நேரே, அவர் வேலைக்கு வராத நாள் என்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால், மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் அவர் தாம் வேலையில் இருந்ததை முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.

தோட்டம் கைமாறும்போதும் மூடப்படும்போதும் பழைய பதிவேடுகளின் மதிப்பு இன்னும் கூடுகிறது. நெகிரி செம்பிலானில் சிரம்பான், நீலாய், செண்டாயான் வட்டாரங்களில் தோட்டங்கள் இருந்த நிலங்களில் வீடமைப்புப் பகுதிகளும் புதிய நகரங்களும் எழுந்துள்ளன. ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளிக்கு எவ்வளவு தொகை வழங்க வேண்டும் என்பதை 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் வரையறுக்கின்றன. ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணிபுரிந்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் உண்டு. நாளொன்றுக்கு 50 ரிங்கிட் பெறும் ஒருவர் 24 ஆண்டுகள் உழைத்தார் என்றால் அவருக்கு 480 நாள் சம்பளம், அதாவது 24,000 ரிங்கிட் வர வேண்டும். பதிவேட்டில் 20 ஆண்டுகள் மட்டுமே தெரிந்தால் 20,000 ரிங்கிட்தான் வரும். கரையான் அரித்த நான்கு புத்தகங்களின் விலை 4,000 ரிங்கிட். பழைய செக்ரோல்களைத் தாளில் சுற்றி, ஆண்டு வாரியாக அடுக்கி, அலமாரியில் கற்பூரம் போட்டு வைத்த கிராணியாரை அக்காலத்தில் சிலர் கேலி செய்திருக்கலாம். அந்த அலமாரியைத் திறக்க வேண்டிய நாளில் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள்.

இன்று அந்தப் பெரிய புத்தகங்களின் இடத்தில் கணினி இருக்கிறது. பெருக்கலும் கூட்டலும் நொடியில் முடிகின்றன. நாற்காலிகளில் பெண்களும் பெருமளவில் அமர்ந்திருக்கின்றனர். சன்னலுக்கு வெளியே நிற்பவர்களும் மாறிவிட்டனர். இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் இன்று குலை வெட்டுகின்றனர். அவர்களின் வேலை அனுமதி எப்போது முடிகிறது, மருத்துவப் பரிசோதனை எப்போது என்பவற்றை அலுவலகமே கவனிக்கிறது. அனுமதியைப் புதுப்பிக்கத் தவறினால் நாட்டில் சட்டவிரோதமாக இருப்பவர் ஆவது அந்தத் தொழிலாளிதான். 2020ஆம் ஆண்டு முதல் மலேசிய நீடித்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டதால், தணிக்கையாளர்கள் வந்து பதிவேடுகளைப் புரட்டுகின்றனர். சம்பளச் சீட்டு சரியாக உள்ளதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அச்சீட்டில் எழுதியிருப்பது தமக்குப் புரிகிறதா என்று தொழிலாளியிடமே கேட்கின்றனர். அன்று தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கிய கிராணியாரின் இடத்தில் இருப்பவர், இன்று மலாய்மொழியில் தொடங்கி, கைச்சாடையிலும் கைப்பேசி மொழிபெயர்ப்பிலும் முடிக்கிறார்.

கணினி வந்தும் மாதக் கடைசியின் பதற்றம் தீரவில்லை. செக்ரோலை இருவழியாகக் கூட்டிப் பார்ப்பது பழைய முறை. ஒவ்வொரு தொழிலாளியின் வரியையும் கூட்டினால் ஒரு தொகை வரும். கூலி, மிகைநேரம், பிடித்தம் என மேலிருந்து கீழாகக் கூட்டினாலும் அதே தொகை வர வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் கிராணியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆறிப்போன தேநீரைக் குடிப்பார். அந்தத் தேநீரின் சுவையை அறிந்தவர்களே இந்த வேலையில் முப்பது ஆண்டுகள் நிலைத்தனர். ஒரு ரிங்கிட் வேறுபட்டாலோ விளக்கு அணையாது. தம் சட்டைப்பையிலிருந்து ஒரு ரிங்கிட்டை எடுத்து வைத்துக் கணக்கை முடித்துவிட்டால் என்ன என்று புதிதாகச் சேர்ந்த சின்னக் கிராணி கேட்பார். பெரிய கிராணியார் பதில் சொல்லமாட்டார். பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, முதல் பெயரில் விரலை வைத்து, மறுபடியும் கூட்டத் தொடங்குவார். அந்த ஒரு ரிங்கிட் யாருடையது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.