கலா ஓயாக் கரையிற் கூடாரம்



வில்பத்து என்றதும் நம்மவரிற் பலருக்குச் சிறுத்தையே நினைவுக்கு வருகின்றது. காலையில் ஜீப் வண்டியில் ஏறிக் காட்டினுட் புகுந்து, அதிட்டமிருந்தால் ஒரு சிறுத்தையைக் கண்டு, அந்தி சாயுமுன் வெளியேறிவிடுகின்றனர். இவர்களை விடுத்து, அவ்வனத்தின் தென்னெல்லையாக ஓடும் கலா ஓயாவின் கரையிலே கூடாரமடித்து ஓரிரவு தங்க விரும்புவோரை நோக்கியே இன்று பேச எண்ணுகின்றேன். விடுமுறைக் காலம் நெருங்கும்போது பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, "ஐயா, பிள்ளைகளை அங்கே அனுப்பலாமா? ஆபத்தில்லையா?" என்று வினவுவதுண்டு. அவர்கள் அஞ்சுவது யானையையும் கரடியையும். நான் முதலில் எடுத்துச் சொல்வதோ ஆற்றைப் பற்றியே.

வில்பத்து 1905ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும், 1938ஆம் ஆண்டில் தேசிய வனமாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஏறத்தாழ 1,317 சதுரக் கிலோமீற்றர் பரப்புடைய இதனினும் பெரிய தேசிய வனம் இலங்கையில் இல்லை. வடக்கே மோதரகம் ஆறு, தெற்கே கலா ஓயா, மேற்கே கடல். வில்பத்து என்றாற் பத்து வில்லுகள் என்று பொருள் கூறுவாருளர். அங்குள்ள வில்லுகளோ பத்தல்ல, பல பத்துகள். அக்கரைப்பற்று, மண்முனைப்பற்று என்று வழங்குவது போல, வில்லுகள் நிறைந்த பற்று என்று கொள்வதே பொருத்தமென எனக்குத் தோன்றுகின்றது. தமிழ் கற்பித்தவனுக்குப் பெயர்களைக் கண்டால் நின்று பார்க்காமற் போக முடிவதில்லை.

வில்லு என்பது மனிதர் வெட்டிய குளமன்று. மணற்கரை சூழ்ந்த இயற்கைப் பள்ளம். வடகீழ்ப் பருவ மழையில் நிறையும். வெயிற் காலத்தில் ஓரங்கள் வற்றிப் புல்வெளியாகும். கடலுக்குத் தொலைவில் இருந்தும் உவர் நீருடைய வில்லுகள் சிலவுண்டு. பொதுவாக, வில்லு தன்மேற் பெய்த மழையைக் கொண்டே நிறைவது. கலா ஓயா அவ்வாறன்று. மாத்தளை மாவட்டத்து மலைப்பாங்கிலே தோன்றி, ஏறத்தாழ 148 கிலோமீற்றர் ஓடிப் புத்தளக் கரையை அடையும் ஆறு அது. வழியிலே தாதுசேன மன்னன் ஐந்தாம் நூற்றாண்டிற் கட்டுவித்த கலா வாவி அதனைத் தடுத்து நிறுத்துகின்றது. 1976ஆம் ஆண்டு முதல் மகாவலி நீரின் ஒரு பகுதியும் அவ்வாவியை வந்தடைகின்றது. அதற்குக் கீழே இராஜாங்கனைக் குளம். அதனையுந் தாண்டிய பின்னரே ஆறு நம் கூடாரத்தின் அருகே வருகின்றது.

இதன் விளைவு யாதெனில், கூடாரத்துக்கு மேலே வானம் நிர்மலமாயிருக்கும் நாளிலும் ஆறு பெருகக்கூடும். மேற்றிசை மாவட்டமான நமக்கு மழையே இராது. கிழக்கே மலைச்சரிவுகளிற் கொட்டிய மழை குளங்களை நிரப்ப, அங்கே வான் கதவுகளைத் திறப்பார்கள். மாலையிற் கணுக்காலளவு நீரில் மணற்றிட்டைக் கடந்து சென்றவன், விடியுமுன் அத்திட்டையே காணாதிருத்தல் கூடும். புத்தளத்திலிருந்து பழைய மன்னார்த் தெருவழியே செல்வோருக்கு எலுவான்குளத்துச் சப்பாத்துப் பாலம் தெரிந்திருக்கும். மாரிதோறும் அது நீரில் மூழ்குவதும், மக்கள் இக்கரையிற் காத்து நிற்பதும் எமக்குப் பழகிய காட்சி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, புத்தளம் - அநுராதபுரம் வீதியிலே கலா ஓயாப் பாலத்தருகில் ஒரு பயணிகள் பஸ் வெள்ளத்தில் அகப்பட்டது. அதில் வந்தவர்களைக் கடற்படையினர் பெருமுயற்சியோடு மீட்டனர். நெடுஞ்சாலையிற் சென்ற பெரிய பஸ்ஸின் கதி அதுவாயின், ஆற்றுமணலில் முளையடித்து நிறுத்திய சீலைக் கூடாரத்தின் கதி என்னவாகும்?

ஆதலால், மே முதற் செப்டெம்பர் வரையுள்ள வறட்சிக் காலமே கூடாரத்துக்கு உகந்தது. அப்போதும் புறப்படுமுன் இராஜாங்கனையின் நிலையை விசாரித்தல் வேண்டும். கரையை அடைந்ததும் முதலில் நோக்க வேண்டியது மருத மரங்களை. அவற்றின் கிளைகளிலே வைக்கோல், சருகு, கிழிந்த பொலித்தீன் முதலியன தொங்குவதைக் காணலாம். முன்னைய வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்பதற்கு அவையே அடையாளம். ஒருமுறை நான் அழைத்துச் சென்ற மாணாக்கருள் உயர்ந்த ஒருவனை மரத்தடியிற் கைதூக்கி நிற்கச் சொன்னேன். அவன் விரல் நுனிக்கும் மேலே சருகு தொங்கியது. அதன் பிறகு மணலிற் படுப்போம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாத்திரங்களைத் தாமே தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள்.

மேட்டிலும் எங்கும் தங்கலாமென்பதில்லை. கரைச்சரிவில் அகன்று தேய்ந்த தடமொன்று நீரை நோக்கி இறங்குமாயின் அது யானை இறங்கும் வழி. அதை மறித்துப் படுக்கலாகாது. பழங்களையும் சோற்றையும் கூடாரத்துள் வைத்து உறங்கலாகாது. பாலைப்பழம் பழுக்கும் நாள்களிற் கரடி அம்மரங்களையே சுற்றித் திரியும். நிழல் நன்றாயிருக்கிறதென்று பாலையின் கீழ் அமர்வது தகாது. நீராடுவதாயின் பகலில், ஆழமற்ற தெளிந்த நீரில், ஊரறிந்த ஒருவர் காட்டிய இடத்தில் மட்டும். முதலைகள் இவ்வாற்றில் உண்டு. காய்ந்த சருகின்மேல் நெருப்பு மூட்டுவது பெருங்குற்றம். ஆற்றுநீர் ஊற்றி அணைத்து, சாம்பலைக் கையாலே தொட்டுப் பார்த்த பின்னரே அவ்விடம் விட்டகல வேண்டும்.

வனத்தினுள்ளே தங்குவதற்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே அநுமதி பெறுதல் வேண்டும். குறித்த இடங்களிலன்றி வண்டியைவிட்டு இறங்குதல் கூடாது. இவ்விதிகளைச் சிலர் கெடுபிடியென்று சலிக்கின்றனர். அவர்கள் இவ்வனத்தின் அண்மைக் கதையை மறந்துவிட்டார்கள். போரின் காரணமாக மூடப்பட்டு, 2003இல் திறக்கப்பட்டு, 2006இற் கண்ணிவெடியிற் சிக்கிப் பார்வையாளர் மாண்டமையால் மீண்டும் மூடப்பட்டு, 2010இலேதான் மறுபடியுந் திறக்கப்பட்டது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வீட்டுக்கு அருகிலிருந்த காட்டைக் காணாமலே வளர்ந்தார்கள். 2013இல் வில்பத்தின் ஈரநிலங்கள் ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

ஆற்றங்கரையில் தங்குதல் இப்பகுதிக்குப் புதிதுமன்று. கலா ஓயாவுக்கு வடக்கே பொம்பரிப்பில், இறந்தோரைத் தாழியில் இட்டுப் புதைத்த பழைய இடுகாடு அகழ்ந்து காணப்பட்டது. பாண்டி நாட்டு ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவற்றை ஆராய்ச்சியாளர் ஒப்பிடுவர். அம்மக்களும் இந்த ஆற்றின் பெருக்கையும் வற்றலையும் அறிந்தே வாழ்ந்திருத்தல் வேண்டும்.

மறுநாட் காலையிற் கூடாரத்தைச் சுருட்டிய பின், நேரமிருப்போர் வீடு திரும்புமுன் கங்கேவாடிக்குச் செல்லலாம். அங்கேதான் கலா ஓயா உப்புநீரோடு கலக்கின்றது. மீனவர் தோணியில் ஏறினால் இருமருங்கும் கண்டல் மரங்கள் வேரூன்றி நிற்பதைக் காணலாம். அவ்வேர்களுக்கிடையிலே இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. புத்தளக் களப்பில் வலைவீசுவோரின் பிழைப்புக்கு அவையே முதல். மேலே தொலைவிற் கதவு திறந்த குளத்துநீர் எவ்வளவு நேரத்தில் இங்கு வந்து சேருமென்று தோணிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். நீரின் நிறத்தைக் கொண்டே அவர் விடை கூறுவார்.