உங்களுக்குத் தெரியுமா? – அழுகைக் கோச்சியும் நட்பு நடையும்

இலங்கையின் கோப்பித் தோட்ட வேலைக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தே சென்ற பாதையை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ‘மலையகம் 200’ நடைபவனி நடைபெற்றது. அவர்களின் வழிவந்த மலையக மக்களோடு வடக்குத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அதற்குத் தோழமை காட்டினர்.

இதே தலைமன்னார் பிரிவுக்கும் வாயிலாக இருந்ததுண்டு. சம்பந்தப்பட்ட மலையக மக்களைக் கேளாமலே எழுதப்பட்ட 1964ஆம் ஆண்டின் இலங்கை–இந்திய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியபின், அவர்களை ஏற்றிச் சென்ற கோச்சி, அதாவது மலையக வழக்கில் தொடர்வண்டி, வண்டிக்குள்ளும் மேடையிலும் எழுந்த கதறலால் ‘அழுகைக் கோச்சி’ எனப்பட்டது. சென்றோருள் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் தேயிலைத் தோட்டங்களிலேயே குடியமர்ந்தனர். இலங்கையிலேயே தங்கியோர் வாழும் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலோ, மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க, ரதி–மதன் கதையை விடிய விடிய ஆடும் காமன் கூத்து, ஒரு லயத்தாரை, அதாவது ஒரு வரிசைக் குடியிருப்பினரை, மட்டுமன்றித் தோட்டம் முழுவதையும் இன்றும் ஒரே பொட்டலில் கூட்டுகிறது.