புவி அறிவியல் பாடம்: ஆசிரியர்களுக்கு யார் பயிற்சி தருவது?

புதுதில்லி: 2004 டிசம்பர் 26. தாய்லாந்தின் புக்கெட் தீவில், கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்ட 10 வயது பிரிட்டன் சிறுமி, சுனாமி வரப்போகிறது எனப் பெற்றோரை எச்சரித்தாள். இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்ற பாடம் அது. சுமார் நூறு பேர் உயிர் தப்பினர். அதே காலையில் இந்தியக் கரையோரங்களில் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2001-ல் குஜராத்தின் புஜ் பகுதியைச் சிதைத்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, இங்கும் பாடத்திட்டம் மாறியது. 2003-ல் எட்டாம் வகுப்பில் பேரிடர் மேலாண்மையைச் சேர்த்தது மத்திய இடைநிலைக் கல்வி வாரியம். ஆனால், பாடம் நடத்துபவரின் தகுதி?

பத்தாம் வகுப்பு வரை புவி அறிவியல் தனிப்பாடம் அல்ல. மலை, ஆறு, பருவமழை ஆகியவை சமூக அறிவியலில் அடங்கிவிடுகின்றன. கேந்திரீய வித்யாலயங்களின் 2022 பணிநியமன அறிவிக்கையின்படி, சமூக அறிவியல் ஆசிரியர் வரலாறு, புவியியல், பொருளாதாரம், அரசியல் அறிவியல் ஆகியவற்றில் இரண்டைப் பயின்றிருக்க வேண்டும். ஒன்று வரலாறாகவோ புவியியலாகவோ இருத்தல் வேண்டும். அதாவது, வரலாறும் அரசியல் அறிவியலும் மட்டுமே பயின்றவர் புவியியலையும் நடத்தலாம். அறிவியல் ஆசிரியருக்குக் கோரப்பட்டவையோ தாவரவியல், விலங்கியல், வேதியியல். நிலவியல் பட்டதாரிக்கு இரண்டிலும் இடமில்லை.

இது ஆசிரியர்களின் குற்றமன்று. பயிற்சியால் நிரப்பக்கூடிய இடைவெளியே. அதற்கான வல்லுநர்களுக்கும் பஞ்சமில்லை. 1851-ல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு ஹைதராபாதில் பயிற்சி நிறுவனமே உள்ளது. ஆனால் அத்துறை சுரங்க அமைச்சகத்தின்கீழ் வருகிறது. வானிலையும் சுனாமி எச்சரிக்கையும் 2006-ல் உருவான புவி அறிவியல் அமைச்சகத்தின் பொறுப்பு. ஆசிரியர் பயிற்சி, கல்வி அமைச்சகமும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்ளும் விஷயம்.

ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில்திறன் பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. அதில் பத்து மணி நேரத்தையாவது நிலவியலாளருடன் உள்ளூர் ஆற்றங்கரையிலும் மலைச்சரிவிலும் செலவிடச் செய்தால், மாணவர்களும் தங்கள் ஊர் நிலத்தை அறிவர்.

2024 ஜூலை 30-ல் வயநாட்டில் நிலச்சரிவு 200-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. வெள்ளார்மலை அரசுப் பள்ளியும் அதில் சிதைந்தது. அந்த 50 மணி நேரத்தில் புவி அறிவியலுக்கு எவ்வளவு என்பதை, கல்வி அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை விவாதத்தில் உறுப்பினர்கள் கேட்டாக வேண்டும்.